பாட்டு நின்ற பிறகும் மூச்சு விட்ட பெட்டி

அன்று காலை வீட்டில் அம்மா இருந்தார், அக்கா இருந்தார், அக்காவின் பச்சைப்பிள்ளை இருந்தது, நானும் இருந்தேன். அத்தான் மட்டும் இல்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் அவர், ஒரு கப்பலோடு கொழும்புக்குப் போயிருந்தார். இது நடந்தது போன மாரிக்காலத்தில், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி சரிவில் நிற்கும் எங்கள் வாடகை வீட்டில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். ஈச்சிலம்பற்றுக் கிராமத்தில் இருந்து வந்து, அத்தான் வீட்டில் தங்கி, ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன் பழுதானாலும், கரண்ட் பில் கூடினாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் பிள்ளை பெற்றவளின் குளிப்பு ஆம்பிளைகள் தலையிடும் விசயம் இல்லை. அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

அத்தானுக்குப் பாட்டு இல்லாமல் குளிக்க ஏலாது. அதனால் வீட்டுக்கு வந்த புதிதிலேயே குளியலறைக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்துவிட்டார். தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டிய இரும்புத் தட்டில், இரும்பு மூலைகள் வைத்த அந்தப் பெட்டி இருந்தது. அதன் வயர், சுவரின் காற்றுத் துவாரம் வழியாகச் சமையல் செய்யும் குசினிக்குப் போய்ப் பிளக்கில் ஏறியது. நீளம் போதாமல் துவாரத்துக்குள்ளேயே இன்னொரு வயரைச் சேர்த்து ஒரு முட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்த காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் மாறியது. அம்மா பெரிய பானையில் இலைகளைப் போட்டு வேதுத் தண்ணீர் கொதிக்கவைத்தார். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று அந்தத் துவாரத்தைச் சாக்கால் இறுக அடைத்தார். அக்கா குளித்து முடிக்கும்போது கதவு இடுக்கால் ஆவி வெண்மையாக வழியும். சாக்கில் இருந்து தண்ணீர் சொட்டும்.

தனியே நிற்க அக்காவுக்குப் பயம். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்மாவின் கதை. எங்களுக்கு முன் எங்கள் வாடகை வீட்டில் இருந்த ஒரு பெண், குளிக்கப் போன இடத்தில் செத்துக் கிடந்தாளாம். வேலியோரம் நின்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“கையை விரிக்க ஏலாமப் போச்சுது. மூடினது மூடினபடிதான் கொண்டு போனவை.”

அதன் பிறகு அம்மா இரண்டு காவல் வைத்தார். ஒன்று பெட்டியில் பக்திப்பாட்டு. மற்றது இரும்பு. பிள்ளை பெற்றவள் இரும்பு இல்லாமல் குளிக்கப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா பாக்குவெட்டியோடு உள்ளே போவார், அதைப் பெட்டி வைத்த இரும்புத் தட்டில் கொழுவிவிட்டுக் குளிப்பார்.

சில நாளில் பாட்டு கெட்டுப்போனது. பாடுகிறவர் தண்ணீருக்கு அடியில் இருந்து பாடுவதுபோல் இருந்தது. பாட்டை நிறுத்தினாலும் பெட்டி நிற்கவில்லை. உஸ்ஸென்று இழுத்தது, கொஞ்சம் பொறுத்து விட்டது. குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. யாரோ உள்ளே குந்தியிருந்து மூச்சு விடுவதுபோலத்தான் இருந்தது.

ஒருநாள் அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “தம்பி, உள்ளுக்குப் பைப்பைத் தொட்டா ஆரோ என்ர கையைப் புடிக்கிற மாதிரிக் கிடக்குதடா. புடிச்சிட்டு விடுது.”

நான் நித்திரைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று ஏதோ சொன்னேன்.  அடுத்த நாள் அம்மா தட்டில் வேப்பிலையும் செருகி வைத்தார். இருந்தும் பிடித்தது.

நான் சொல்ல வந்த காலையில், அக்கா குளிக்கப் போகும்போதே மின்வெட்டு. பெட்டி செத்துக் கிடந்தது. உள்ளேயிருந்து அக்கா சந்தோசமாகக் குரல் கொடுத்தார்: “அம்மா, இண்டைக்கு ஒண்டும் புடிக்கேல்ல.”

“பின்ன? வேப்பிலையெல்லோ வச்சனான்,” என்றார் அம்மா. துவாயோடு கதவடியில் நின்ற அவர், குசினியில் நின்ற எனக்குக் கேட்கட்டும் என்று, “படிச்ச ஆக்களுக்கு இதுகள் விளங்காது,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். சிரித்தபடியே ஒன்று உறைத்தது. கரண்ட் இல்லாத நாளில் விட்டுப்போகிற பேய் என்ன பேய்?

அதை முழுக்க நினைத்து முடிக்கவில்லை, கரண்ட் வந்து குசினி லைட் பற்றியது. உள்ளே பெட்டி உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. அக்கா எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். கத்தவில்லை. அந்த மௌனம்தான் இன்றும் என் காதில் இருக்கிறது.

அம்மா கதவைத் தள்ளினார். ஆவிக்குள் அக்கா நின்றது தெரிந்தது. ஒரு கை குழாயில், மற்றக் கை தட்டில் கொழுவியிருந்த பாக்குவெட்டியில். இரண்டையும் விட ஏலாமல் உடம்பு நடுங்கியது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. அம்மா பிடிக்கப் பாய்ந்தார். நான் அவரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து விழுத்திவிட்டு, முன் விறாந்தைக்கு ஓடினேன்.

“பயந்து ஓடுறியோடா? அக்காவை விட்டிட்டு ஓடுறியோ?”

முதுகில் விழுந்த அம்மாவின் குரலுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அங்கிருந்த மெயின் சுவிட்சை இழுத்து விழுத்தினேன். வீடு அடங்கியது. குளியலறையில் அக்கா விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பி ஓடி வந்தபோது அம்மாவின் மடியில் அக்காவின் தலை. பாக்குவெட்டி இன்னும் கைக்குள்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அம்மாதான் எடுத்தார். உள்ளங்கையில் பாக்குவெட்டியின் அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. அக்கா முதலில் கேட்டது, “பிள்ளை அழுதவளோ?” என்று. அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மறித்து வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஆவி பெட்டிக்குள் இறங்கி, சாக்கு ஈரம் முட்டு வரை ஊறி, தட்டும் குழாயும் முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. பேய்க்குப் பயந்து கொடுத்த இரும்புதான் அக்காவை அதோடு சேர்த்துக் கட்டியது. அன்றைக்கே பெட்டியையும் சாக்கையும் அகற்றினோம். இப்போது பாட்டு வேண்டுமென்றால், பற்றரியில் பாடும் சின்ன ஸ்பீக்கரைக் கதவுக்கு வெளியே கதிரையில் வைக்கிறோம். பிளக்கில் ஏறும் எதுவும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. 

ஒன்று மட்டும் மிச்சமாக இருந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழவேண்டிய ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? வயர் வேலைக்கு வந்தவர் போர்ட் மூடியைக் கழற்றி, என்னையும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். சுவிட்சுக்குள் போகாமல் ஒரு துண்டு வயர் அதைத் தாண்டிப் போயிருந்தது. அடிக்கடி விழுகிறதென்று யாரோ அப்படிச் செய்திருக்கவேண்டும். எங்கள் வேலை இல்லை, அத்தானுடையதும் இல்லை. அந்த வயரின் மேல், நாங்கள் குடிவர முன்பே அடித்த பழைய சுவர்ப் பெயின்ற் காய்ந்து கிடந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். அவர் பக்கத்து வீட்டு அம்மாவின் கதையை, அந்த மூடிய கையைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.  வெருகல் முருகனுக்கு நேர்ந்து முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து, “அவர் பொறுப்பார்,” என்று மட்டும் சொல்லி என் கையில் தந்தார்.

வயர் மாற்றி, புது ட்ரிப் சுவிட்ச் போட்டு, எல்லாமாக முடிந்தது இருபத்தாறாயிரம் ரூபா. எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்த யாரோ வயரைத் திருத்தாமல் மிச்சம் பிடித்த காசு அது என்ற நினைப்பு, கதவுக்கு வெளியே பாட்டுக் கேட்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு வருகிறது.