ஐஸ் பெட்டிக்குள் அடுப்பு

பென்னலூர் முனியம்மாளுக்குக் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டின் மேல் அப்படியொரு பிரியம். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவாள். கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கும். "இன்னாடி, சர்க்கரை வாங்கறதுக்கும் கார்டு காட்டணுமா?" என்று வரிசையில் நிற்பவர்கள் கிண்டல் செய்தால், "இத்தப் பார்த்தாத்தான் எடை கரெக்டா போடறான்" என்பாள்.

நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த வேலை. அதற்கு முன் நாற்று நட்டிருக்கிறாள், செங்கல் சூளையில் கல் அறுத்திருக்கிறாள், சிப்காட்டுக்கு ரோடு போட்டபோது ஜல்லி சுமந்திருக்கிறாள். ஒரகடத்தில் வண்டிகளுக்கு பாடி கட்டும் அந்த ஷெட்டில் 2003-ல் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக நிழலில் நின்று சம்பளம் வாங்கினாள். கான்ட்ராக்ட் வேலைதான். கூட்டிப் பெருக்குவதில் தொடங்கினாள். ஆறே மாதத்தில் ஃபைனல் க்ளீனிங் அவள் கைக்கு வந்துவிட்டது. கட்டி முடித்த வண்டியைக் கடைசியாகத் துடைப்பவள் அவள். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினால் அப்புறம் டிரைவர்தான் ஏறுவான். அதில் அவளுக்கு இருந்த கர்வத்தை மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாலும் அடைந்திருக்கமாட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு டூர் கம்பெனிக்காக ஐந்து வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. வெளிநாட்டுக்காரர்களைக் கோயில் கோயிலாக அழைத்துப்போகும் வண்டிகள். கட்டில், கக்கூஸ், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே. ஆர்டர் தாளில் மோட்டார் ஹோம் என்று போட்டிருந்தது; ஷெட்டில் அதை வூட்டு வண்டி என்றார்கள். முனியம்மாள் முதல் வண்டிக்குள் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுல இல்லாதது எல்லாம் கீது. பட்டா ஒண்ணுதான் இல்ல" என்றாள்.

ஃப்ரிட்ஜ் பொருத்தியவன் தாவீது. மண்ணூர்க்காரன், ஐ.டி.ஐ. முடித்த காஸ் ஃபிட்டர், முப்பதைத் தொட்டவன். வண்டியின் வெளிச்சுவரில், ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம், காற்றுத் துளைகள் போட்ட ஜாலி மூடியைத் திறந்து, உள்ளே அவன் எதையோ பற்றவைப்பதை அவள் பார்த்தாள்.

"இன்னாப்பா, ஐஸ் பொட்டிக்குள்ள நெருப்பு வெக்கிற?"

"இது காஸ்ல ஓடற ஃப்ரிட்ஜுக்கா. வண்டி நிக்கும்போது கரன்ட்டுக்கு எங்க போறது? கீழ சின்னதா அடுப்பு எரியும். அந்தச் சூட்டுல உள்ள இருக்கிற தண்ணி மேல ஏறி எறங்கும். அதுல குளுர் வரும்."

"நெருப்பு வெச்சா குளுரா?"

"சத்தியமா. பைபிள் மேல வேணா அடிச்சிச் சொல்றேன்."

குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பர்னர் குழாய், அதன் தலையில் ஆறு கீறல்கள், அவற்றின் மேல் நீலமாகச் சின்னத் தீ. தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். தாவீது அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்து, அணைத்து, ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டித் தன் கையெழுத்தைப் போட்டான். ஐந்து வண்டிக்கும் இதே முறைதான்.

மார்ச் மாதம் மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று புகார். தலைமாட்டில் பம்ப் ஸ்டவ் எரிகிற மாதிரி இருக்கிறது, ஒருவரும் கண் மூடவில்லை என்று டூர் கம்பெனி எழுதியிருந்தது. பற்றவைத்துப் பார்த்தார்கள். ஷெட்டில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஓடும்போதே அந்த உறுமல் தனியாகக் கேட்டது.

தாவீது காஸ் வரும் ஜெட்டைக் கழற்றி ஊதினான், ரெகுலேட்டரை மாற்றினான், புகைக்குழாயைத் துடைத்தான். சத்தம் குறையவில்லை. பர்னர் வெளிநாட்டுச் சரக்கு. புதிது வர ஒன்றரை மாதம் ஆகும். மேனேஜர் அதுவரை காத்திருக்கவில்லை. "டெஸ்ட் பண்ணாமலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். மாசக் கடைசியில அவன் பாஸ் முடியுது. புதுப்பிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். பாஸ் இல்லை என்றால் கேட்டுக்கு உள்ளே வர முடியாது. தாவீது டீக்குக்கூட எழுந்து வராமல் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

குவாலிட்டி பார்க்கும் சக்திகுமார் திருநெல்வேலிப் பக்கத்து இன்ஜினீயர். டீ நேரத்தில் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். "அஞ்சும் ஒரே சரக்கு, ஒரே ஃபிட்டர். பிப்ரவரி பன்னெண்டு, பதிமூணுல போன ரெண்டு வண்டி மட்டும் சத்தமில்லாம ஓடுது. அது எப்படி?"

பக்கத்தில் தம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த முனியம்மாளின் கை நின்றது. அந்த இரண்டு நாளும் அவள் லீவு. நாத்தனார் பேரனுக்குக் காது குத்து.

உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் ஃபைனல் க்ளீனிங் போகும். கான்ட்ராக்டர் நாளைக்கே வேறு ஆளைக் கொண்டுவருவான். கோட்டையும் கழற்றி வாங்கிக்கொள்வான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்தவற்றை மறுபடி எடுத்துக் கழுவினாள். வண்டிக்கு அடியில் தாவீதின் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஈரக் கையோடு சக்திகுமாரிடம் போனாள்.

"சார், அந்த மூணு வண்டியும் நான் தொடச்சது."

"அதுக்கு என்னக்கா? தொடச்சா சத்தம் வருமா?"

"பொட்டு வெச்சேன் சார்."

"எங்க?"

"அந்த ஐஸ் பொட்டி அடுப்புக்குத்தான். புது அடுப்ப வெறுமனே அனுப்பக்கூடாதுன்னு, வூட்டாண்டருந்து சந்தனம் கொழச்சி எடுத்தாந்து, சமையல் அடுப்புக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. ஜாலிய தொறந்து வெரல வுட்டேன். உள்ள எடமில்ல, தலையிலதான் வெக்க முடிஞ்சிது. கெட்டியாத்தான் வெச்சேன். ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு அப்பறம் சார். அந்தப் புள்ள மேல தப்பில்ல."

சக்திகுமார் எழுந்து வண்டிக்குப் போனான். தாவீதைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே வரவைத்தான். பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஆறு கீறல்களில் நான்கை, வெந்து இறுகிய பழுப்பு ஓடு மூடியிருந்தது. இரும்போடு இரும்பாக நிறம் மாறியிருந்ததால் உள்ளே இருட்டில் இருந்தவரை தாவீதின் கண்ணில் அது படவில்லை.

"ஆறு வழியில போகவேண்டிய காஸ் ரெண்டு வழியில முண்டுது" என்றான் சக்திகுமார். "உறுமாம என்ன செய்யும்?"

தாவீது முனியம்மாளையே பார்த்தான். "ஏன்க்கா, இதுக்கும் நெத்தி இருக்குதுன்னு நெனச்சியா?"

"அடுப்புன்னு சொன்னவன் நீதான?"

"சொன்னேன். பூ முடிக்காம வுட்டியே, அந்த மட்டும் சந்தோஷம்."

கேன்டீனில் இருந்து புளி வந்தது. அவள் சூடான தண்ணீரில் அதைக் கரைத்து, மூன்று பர்னர்களையும் ஊறப்போட்டாள். குத்துவிளக்கு தேய்க்கிற கை. பழைய பல் பிரஷ்ஷால் கீறல் கீறலாகத் தேய்த்தாள். ஓடு உரிந்து வந்தது. தாவீது காற்றுக் குழாயால் ஊதி உலர்த்தி மாட்டினான். பற்றவைத்தபோது மூன்று பேரும் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். கிரைண்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பி வந்த மற்ற இரண்டு வண்டிகளிலும் அப்படியே ஆனது.

சக்திகுமார் ரிப்போர்ட் எழுதினான். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "வேற மாதிரி எழுதிப்புடட்டா அக்கா?"

"என் பேரையே போடு சார். இல்லன்னா அவன் பேர்லதான் நிக்கும்."

மேனேஜர் படித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஓகே ஆன வண்டியில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். முனியம்மாளை வேலையை விட்டு அனுப்பவில்லை, சீட்டுக்குப் பஞ்சு வெட்டும் பகுதிக்கு மாற்றினார். கோட்டு தப்பித்தது. கடைசியாகக் கதவைச் சாத்துகிற பெருமை போய்விட்டது. இரண்டு நாள் பஞ்சு மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் முதல் தேதி தாவீது அந்தப் பக்கமாக வந்து, வெட்டு மேசை மேல் புதுப் பாஸை வைத்தான். ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தான்.

முனியம்மாள் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு பாஸை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு போட்டோவைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, கண்ண மூடிகினு கீற" என்றாள். "ஒரு வருசம் முழுக்க இந்த மூஞ்சியத்தான் வாட்ச்மேன் பார்க்கணுமா?"