இருபதாவது பெயர்

ரெஜினா அக்கா காலமான செய்தி எனக்கு மீன்கடையில் வைத்துக் கிடைத்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் சனிக்கிழமை காலை, கையில் இலக்கத் துண்டோடு வரிசையில் நிற்கிறேன். விளைமீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அண்ணை, உங்கடை கோயில் நேர்ஸ் அக்கா நேற்றுப் போயிட்டாவாம். கேள்விப்பட்டனீங்களோ?" என்றார். நான் கேள்விப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை எங்கள் கத்தோலிக்கக் கோயில் பூசைக்கு வந்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சற்றுச் சாய்ந்தவர் பிறகு எழும்பவேயில்லை. எழுபத்தெட்டு வயது. இப்படியொரு செய்தியை மீன் வாசத்துக்கு நடுவில் கேட்க நேர்ந்ததே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. ஆனாலும் இலக்கம் கூப்பிட்டதும் மீனை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அக்காவும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய தம்பி அன்ரன் அண்ணை கேட்டார். அன்பானவர், பண்பானவர், எல்லாருக்கும் உதவியவர் என்று எழுதினால் பக்கம் சுலபமாக நிரம்பிவிடும். ஆனால் அக்காவுக்கு அது பிடிக்காது. எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்து இப்படியொரு மலர் வந்தால், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை வாசிப்பார். மூடி வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளைத்தான் காணேல்லை" என்பார். அந்தக் குற்றச்சாட்டு இந்த மலர் மீதும் வந்துவிடக்கூடாது என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா மொன்றியலுக்கு வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் இருபத்தாறு வருடங்கள் சஸ்கச்சுவான் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்துத் தாதியாக இருந்தார். ஒரு ரயில் பாதை, ஒரு தானியக் கோபுரம், இரண்டு கோயில்கள், அவ்வளவுதான் ஊர். அங்கே எப்படி இருந்தீர்கள் என்று நான் ஒருமுறை பரிதாபப்பட்டுக் கேட்டேன். "மன்னார்க்காரிக்கு வெட்டைவெளி புதிசே? குளிர்தான் புதிசு" என்றார். பரிதாபப்பட வந்தவர்களுக்கெல்லாம் அவரிடம் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்ததாம். அடக்கம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கோப்பி குடிப்பார்கள். அப்போது ஒவ்வொருவராக எழும்பி, இறந்தவரைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். புகழ்ச்சி தேவையில்லை, ஒரேயொரு விசயம் போதும். அக்கா அங்கே வேலைக்குப் போன முதல் வருடம் மாசி மாதத்தில் ஓலாஃப் என்ற கிழவர் இறந்தார். கலியாணம் கட்டாத விவசாயி, சொந்தமென்று எவரும் இல்லை. அன்று பனிப்புயல் அடித்துத் தெருக்கள் மூடிவிட்டன. மண்டபத்தில் இருந்தது போதகரும், குழி வெட்டியவரும், அக்காவும் மட்டும்தான். யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று போதகர் கேட்டார். குழி வெட்டியவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்போது ஆங்கிலமும் சரளமில்லை, ஓலாஃபைத் தெரிந்ததும் நாலு மாதம்தான். எழும்பிச் சொன்னார்: "இவர் கருகிய பாண் துண்டைத் தேடி எடுத்துத் தின்பார். தாகம் எடுத்தாலும் மணியை அழுத்தமாட்டார், யாராவது அந்தப் பக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்."

இந்தக் கதை இல்லத்துக்குள் பரவிவிட்டது. பிறகு, பிள்ளை குட்டி இல்லாத கிழவர்களும் கிழவிகளும் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எனக்கும் நீதான் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். சிலர் என்ன சொல்லவேண்டும் என்றும் சொல்லிவைத்தார்கள். ஒரு தடவை சொன்னால் போதாது, வருடத்தில் ஒரு நாளாவது பெயரைச் சொல்லவேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அக்கா ஓமென்று வாக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடங்களில் ஓலாஃபோடு பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். பிறகு இல்லத்தை மூடினார்கள், அக்கா இங்கே வந்தார். "அவை பத்தொன்பது பேரும் என்னோடைதான் ரயிலேறினவை" என்பார்.

என் கதை இங்கேதான் சேர்கிறது. கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் தேதி, சகல ஆத்துமாக்களின் நாளில், இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பது என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் பெயர்களைத் துண்டில் எழுதித் தருவார்கள். பெயர் என்றால் வெறும் பெயரா? முன்னாள் தபாலதிபர், இளைப்பாறிய பாடசாலை அதிபர், சமாதான நீதவான் என்று உத்தியோகமும் முன்னால் வரவேண்டும். ஒருமுறை ஒருவருடைய சித்தப்பாவின் உத்தியோகத்தை நான் விட்டுவிட்டேன். அதற்காக அவர் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கட்டுக்குள் ஒருநாள் ரெஜினா அக்காவின் தாளும் வந்தது. பத்தொன்பது வெள்ளைக்காரப் பெயர்கள், நான் தடுமாறாமல் வாசிப்பதற்காகத் தமிழில் எழுதியிருந்தார். உத்தியோகம் ஒன்றும் இல்லை.

நான் வாசித்தபோது கோயிலில் தலைகள் திரும்பின. பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, "ஆர் இவை? எங்கடை பங்கிலை ஆர் இவ்வளவு வெள்ளைக்காரரைக் கட்டினது?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கொஞ்சம் கவலையோடு, "அவை கத்தோலிக்கரோ எண்டாவது தெரியுமோ?" என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கேத்திலை வைக்காமலே சொன்னார்: "பாதிப்பேர் இல்லை. ஆனால் எல்லாரும் செத்தவை. இண்டைக்குச் செத்தவையின்ரை நாள்தானே?"

நாலாவது வருடம் நான் ஒரு பிழை செய்தேன். அதை இந்த மலரில் எழுதாவிட்டால், அக்காவைப் பற்றி நான் எதை எழுதியும் பிரயோசனம் இல்லை. அன்று நமக்குப் பின்னால் பிரெஞ்சுப் பூசை. நேரத்துக்கு முடிக்கவேண்டும், பெயர்களைச் சுருக்கமாக வாசியுங்கள் என்று பூசை வைக்கும் சுவாமி சொல்லியிருந்தார். நான் தபாலதிபர்களையும் அதிபர்களையும் உத்தியோகத்தோடு வாசித்து முடித்தேன். அடுத்தது அக்காவின் தாள். அதை அப்படியே அடியில் செருகிவிட்டு வந்து வாங்கில் இருந்துவிட்டேன். நேரம் போதவில்லை என்பது அரைவாசி உண்மை. அந்தப் பெயர்களை வாசிக்கும்போது பின்வரிசை வாங்குகளில் எழும் சிரிப்பு எனக்கு வெட்கமாக இருந்தது என்பது மற்ற அரைவாசி. விட்டால் கேட்க யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். மூன்றாவது வாங்கில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஓலாஃபின் பெயருக்காகக் காத்திருந்தார். சுவாமி அடுத்த செபத்தைத் தொடங்கியதும் கண்ணைத் திறந்தார்.

அதன் பிறகு நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் போகாமல் நழுவிவிடலாமா என்றும் பார்த்தேன். அதற்குள் அக்கா ஒரு கோப்பையோடு வந்துவிட்டார். "இந்தாரும் மரியதாஸ்" என்று தந்தார். எனக்கு இரண்டு கரண்டி சீனி வேண்டும், மனைவி பார்க்காத இடத்தில் மட்டும்தான் அது கிடைக்கும். அன்றும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கியிருந்தார். அவர் கவனிக்கவில்லை போலும் என்று எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. என் மடைத்தனத்துக்கு அளவில்லை.

அடுத்த சனிக்கிழமை வீட்டு மணி அடித்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. வெளி இரும்புப் படிகளில் முதல் பனி உறைந்து கிடக்கிறது, இந்த மனுசி கம்பியைப் பிடித்து ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். கையில், வாசிப்பு மேசையில் நான் விட்டுவந்த அதே தாள்.

"அக்கா, அண்டைக்கு நேரம்..." என்று தொடங்கினேன்.

"நான் உம்மோடை சண்டைக்கு வரேல்லை" என்றார், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "உமக்கு ஆக்களை அறிமுகப்படுத்த வந்தனான். தெரியாத ஆளை ஆரும் விடுவினம்தானே. இரும்."

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஓலாஃபில் தொடங்கினார். அடுத்தது மிசிஸ் கோவல்சுக். தன்னுடைய வெள்ளரிக்காய் ஊறுகாய் தங்கச்சியின் ஊறுகாயைவிடத் திறம் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்று எழுதிவாங்காத குறையாகக் கேட்டவராம். ஹென்றி காணியை விற்றுப் பத்து வருடமான பிறகும் காலைச் சாப்பாடு முடிந்ததும் யன்னலடிக்குப் போய், மழை காணாது என்று கவலைப்படுவார். ஆக்னெஸ் சீட்டு விளையாட்டில் களவு செய்வார், பிடிபட்டால் காது கேளாதவர் போல இருப்பார். ஒரு புருசனும் பெண்சாதியும் பதினொரு வருடம் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய கதிரைகளைத் தள்ளிப் போட்டால் இருவரும் சாப்பிடமாட்டார்கள். இப்படி ஒவ்வொருவராகப் பத்தொன்பது பேர். சொல்லச் சொல்ல என் சின்ன வரவேற்பறை ஆட்களால் நிறைந்துகொண்டு வந்தது. கடைசியில் தாளை மடித்து என் கையில் வைத்தார்.

"இனி விடும் பாப்பம்" என்றார்.

அதன் பிறகு நான் ஒருவரையும் விட்டதில்லை. நிறுத்தி, ஒவ்வொரு முகமாக யோசித்து வாசிப்பேன். பின்வரிசையில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது, கவனிக்கத் தோன்றவில்லை.

உங்களைப் பற்றி என்ன சொல்லவேண்டும் என்று எங்கள் முதியவர்களையும் அக்கா இப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இளைப்பாறிய அதிபர் ஒருவர், தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியவை என்று தான் வகித்த பதவிகளை வரிசையாகச் சொன்னாராம். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் மலரிலை வரும், மாஸ்ரர். மனுசி செத்தாப்பிறகு ஆர் உங்களுக்குத் தலைமயிர் வெட்டிவிடுறது?" என்று கேட்டிருக்கிறார். அதிபர் பிடரியைத் தடவிக்கொண்டே, கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கொள்வதாகவும், பின்பக்கம் சரிவருவதில்லை என்றும் சொன்னாராம். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை அக்கா கத்தரிக்கோலோடு அங்கே போய்வந்தார்.

போன கார்த்திகையில், பூசை முடிந்து மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னைக் கேட்டார்: "மரியதாஸ், நான் போனால் என்ரை பேரை எங்கை போடுவீர்?"

"எங்கடை ஆக்களுக்கு முதல், மேலை போடுவன். வேறை எங்கை போடுறது?"

"வேண்டாம். அவைக்குப் பின்னாலை இருவதாவதாப் போடும். பிள்ளையள் இல்லாத ஆக்களோடை நானும் நிக்கிறன். அப்பிடிப் போட்டால் ஆரும் அந்தத் தாளை விடவும் மாட்டினம்."

நான் சரியென்று சொன்னேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன். இப்போது அந்த வாக்கு என் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. அன்ரன் அண்ணைக்கு இது பெரிய மனவருத்தம். "எங்கடை அக்காவை ஆரெண்டு தெரியாத சனத்தோடை கடைசியிலை போடுறதோ? இளைப்பாறிய தலைமைத் தாதி எண்டு முதலாவதா வாசியும்" என்று தொலைபேசியில் சத்தம் போட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு இருந்த ஒரே சகோதரி.

போன ஞாயிறு, நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் காத்து நின்று, இல்-பிசார் தீவில் மகனோடு இருக்கும் அன்ரன் அண்ணையிடம் போனேன். கதவைத் திறந்தவருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. எனக்குச் சொந்தமாக வார்த்தை எதுவும் வரவில்லை. "அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை. உங்களுக்கு ஆக்களை அறிமுகப்படுத்த வந்தனான்" என்றேன். ஓலாஃபில் தொடங்கினேன். ஹென்றியின் மழைக்கு வந்தபோது தேநீர் போடச் சொன்னார். கதிரைத் தம்பதிகளின் கதைக்கு அவரை அறியாமல் சிரித்தார். பத்தொன்பதாவது ஆள் முடிந்ததும் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"இவ்வளவு சனத்தைப் பற்றியும் அக்கா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை."

பிறகு என் பேனாவை வாங்கி, அக்காவின் எழுத்துக்குக் கீழே, இருபது என்று இலக்கமிட்டு, ரெஜினா என்று எழுதினார். முன்னால் ஒன்றும் போடவில்லை.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள எல்லாரையும் எனக்குத் தெரியும், என் சொந்தக்காரரில் பாதிப்பேரைத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். வருகிற கார்த்திகை இரண்டில் உங்களையும் எதிர்பார்க்கிறேன். கொஞ்சம் நேரம் எடுக்கும், பிரெஞ்சுக்காரர் வெளியே காத்து நிற்கட்டும். பிறகு கீழ் மண்டபத்தில், அந்தச் சமவெளி ஊரின் வழக்கப்படி, அக்காவைப் பற்றி ஆளுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். நான் சொல்லப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்று சொல்ல முடியுமோ தெரியாது. அவருடைய பத்தொன்பது பேரையும் நான் விட்டுவிட்டு வந்த அன்று, எல்லாம் தெரிந்துகொண்டே, என் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுத் தந்தவர்.