சிரட்டைக்கு ஒரு குஞ்சு

பங்களா அப்பு எதற்கும் ஓடுகிற ஆள் இல்லை. சமையற்காரர் என்றாலும் துரையைக்கூடக் காக்க வைத்துத்தான் தேநீர் கொடுப்பார். அன்று காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார்.

"மாத்தயா, மாளுவுக்கு அம்மை போட்டிருக்கு. வந்து பாருங்க."

சிங்களத்தில் மாளு என்றால் மீன், மாத்தயா என்றால் ஐயா. மீனுக்கு அம்மை. நான் அந்த ரப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ருவான்வெல்லைப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல். எங்கள் ஓயா, சின்ன ஆறு, வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. கீழ் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளின் சனங்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் புழு, நுளம்புப் புழு, நெளிந்ததும் அதில்தான். மற்ற இடங்களில் மண்ணெண்ணெய் தெளித்தோம்; குடிக்கிற குட்டையில் எப்படித் தெளிப்பது? அதற்காகத்தான் துரை 'மில்லியன்ஸ்' என்ற சின்ன மீன்களை எங்கிருந்தோ வரவழைத்து, பங்களா விறாந்தையில் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தார். புழுவைத் தின்னும் மீன். முட்டையிடாது, குட்டி போடும். பெருகியதும் குட்டைகளில் விடுவதாகத் திட்டம்.

தொட்டியைப் பார்த்தேன். மீன்களின் மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். செதிலைக் கல்லில் உரசிக்கொண்டு தவித்தன. துரைசானி அழகுக்காக ஓயாவில் பிடித்து விட்ட வண்ண மீன்களோடு இந்தச் சீக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பாசிக்கு நடுவே வேறொன்றும் கண்ணில் பட்டது. ஊசி முனையில் கண் வைத்தாற்போலக் குஞ்சுகள். இரவோடிரவாக ஒரு தாய் மீன் ஈன்றிருக்கிறது.

துரை பின்னால் வந்து நின்றார்.

"டிஸ்பென்சர், எல்லாம் செத்துப் போகும். தொட்டி கொட்டிப் போடு. புது மீன் கேக்கலாம்."

"புது மீன் வர்றதுக்குள்ள கீழ் லயம் பூராப் படுத்துருமுங்க, துரை. குஞ்சு மேல இன்னும் ஒரு புள்ளி இல்லீங்க. குஞ்சை மட்டும் எனக்கு விடுங்க."

"மீனுக்குப் பிள்ளைக் காம்பரா நடத்தப் போறது?" என்று கேட்டார். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடத்தைச் சொன்னார். பிறகு, ஆஸ்பத்திரி வேலை எதுவும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் குஞ்சுகளை வைத்துக்கொள்ள உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்புவின் அகப்பை

வலை வைத்து அள்ளினால் குஞ்சு நசுங்கும். மருந்துக் கரண்டியால் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பங்களாப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, காற்று ஏறக் குடத்துக்குக் குடம் ஆற்றி ஊற்றிய எனாமல் பேசினில் விட்டேன். முட்டை மஞ்சள் கருவைத் துணியில் தேய்த்து, துளித் துளியாக இரை. பேசினைப் பங்களாக் குசினியிலேயே, அப்பு சமைக்கிற இடத்திலேயே வைத்தேன். அப்புவுக்குப் பயந்து அங்கேதான் பூனை வராது.

பெரிய மீன்களுக்கு உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பிந்திவிட்டது. குவினைன் போட்டால் கேட்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அது லயத்துச் சனங்களின் காய்ச்சலுக்கு வந்த குவினைன். மூடியைத் திறக்கவில்லை.

குஞ்சுகள் நன்றாக இருந்தன, வார நடுவில் பேசினிலும் வெள்ளைப் புள்ளி வரும்வரை. சுத்தமான தண்ணீர், சுத்தமான பாத்திரம், எங்கிருந்து வந்தது? பொழுது சாயக் குசினிக்குள் போனேன். அப்பு தொட்டித் தண்ணீரை அகப்பையில் மொண்டு வந்து, பதமாகப் பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அப்பு செய்றீங்க?"

"தாய்த் தண்ணி மாத்தயா. ஒவ்வொரு நாளும் ஒரு அகப்பை. ஆப்ப மாவுக்குப் பழைய மாவு கொஞ்சம் விடாட்டிப் புளிக்குமா? புதுத் தண்ணி அப்பிடியே புள்ளைக்கு ஒத்துக்காது."

அவர் முகத்தில் அவ்வளவு அக்கறை. சேர்ந்த நாளிலிருந்து அவர் ஆப்பத்தைத் தின்கிற எனக்குக் கோபப்பட வரவில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் குஞ்சைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். அகப்பையைக் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட்டார். அன்று இரவு பங்களாவில் சோறு குழைந்துவிட்டதாம்.

வெட்டு நிரை

நான் கண்ணாடியை விடவில்லை. ஒரு குஞ்சின் புள்ளி மறையும். குணமாகிவிட்டது என்று நினைப்பேன். அடுத்த நாள் பக்கத்துக் குஞ்சுகளில் பத்து மடங்காக வரும். அப்படியானால் புள்ளி செத்துப் போகவில்லை. உதிர்ந்து அடியில் கிடக்கிறது, பெருகுகிறது, திரும்ப ஏறுகிறது. அது ஏறுவதற்குள் குஞ்சு அங்கே இல்லாமல் போய்விட்டால்?

இந்த யோசனையோடுதான் காலையில் மலைக்கு ஏறினேன். ஒரு பெண்ணின் கையில் கத்தி பட்டிருந்தது, கட்டுப் போட வேண்டும். வழியில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். பால் பிடிக்க மரத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. தினமும் வந்து, சிரட்டையை வழித்துத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு அடுத்த மரம். ஒரு மரத்துப் பால் இன்னொரு மரத்துக்குப் போகாது.

நின்ற இடத்திலேயே எனக்குப் பிடிபட்டது. நிரையில் நின்ற முத்தாயியிடம் சிரட்டை வேண்டும் என்றேன். கீழ் லயத்துக்காரி; போன காய்ச்சலில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். கைக்குழந்தை ஒன்று இருந்தது.

"டாக்டர் ஐயாவும் பால் வெட்டப் பேர் பதியப் போறீங்களா? கங்காணி காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு எழுப்புவாரு, முடியுமா?"

காரணத்தைச் சொன்னேன். கேலி நின்றுவிட்டது.

"பால் புடிச்ச சிரட்டை வேணாங்க. பால் புளிச்ச நாத்தம் போகாது. நான் தேங்கா ஒடைக்கிற வீடா வாங்கியாறேன்."

அவளும் லயத்துப் பெண்களும் சாக்கு நிறையக் கொண்டு வந்தார்கள். சுரண்டி, அவித்து, வெயிலில் காயப் போட்டேன். டிஸ்பென்சரி விறாந்தையில் மணல் பரப்பி, வரிசையாகப் பதித்து, சிரட்டைக்கு ஒரு குஞ்சு. காலையில் பெரட்டு மணி அடிக்கும்போது எழுந்து, ஒவ்வொன்றையும் கரண்டியில் எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்றிய காய்ந்த சிரட்டைக்கு மாற்றுவேன். ஒவ்வொரு முறையும் கரண்டி கொதிநீரில். பழைய சிரட்டைக்கும் கொதிநீர், பிறகு வெயில். அதற்குப் பின்தான் நோயாளிகள்.

முதலில் சில குஞ்சுகள் செத்தன. அப்புவால் பார்க்க முடியவில்லை. ஆனால் காலை தவறாமல் வந்து கொதிநீர் ஊற்றினார். பிறகு ஒரு காலை ஒன்றும் சாகவில்லை. மறுநாளும் இல்லை. கண்ணாடியை வைத்துத் தேடினேன். புள்ளி இல்லை. ஆனாலும் மாற்றுவதை நிறுத்தவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒரு புள்ளியும் வராத பிறகே நிறுத்தினேன்.

துரை ஞாயிற்றுக்கிழமை வந்து நிரையைக் கடைசிவரை நடந்து பார்த்தார். "இந்த ஃபீல்டுக்கு நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் ரப்பர் மரப் பகுதிகளுக்குத்தான் நம்பர் உண்டு.

குட்டை

தாய் மீன் ஒன்றும் பிழைக்கவில்லை. குஞ்சுகள் புழுவைத் துரத்தித் தின்னும் அளவுக்கு வளர்ந்ததும் குட்டைக்குக் கொண்டு போனோம். அங்கேயும் சிரட்டைத் தண்ணீரைக் குட்டையில் ஊற்றவில்லை. நான் துணியில் வடித்து, மீனை மட்டும் விட்டேன். அப்பு அகப்பையோடு வந்திருந்தார். என்னிடம் காட்டி, "கழுவினது மாத்தயா" என்றார்.

டிஸ்பென்சர் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். தொட்டியில் சீக்கு வந்தால் பெரியதோடு மல்லுக்கட்டாதீர்கள், குஞ்சைப் பிரியுங்கள். பிரித்தால் முழுசாகப் பிரியுங்கள். தண்ணீர், கரண்டி, பாத்திரம் எதுவும் அங்கேயிருந்து இங்கே வரக் கூடாது, அது எவ்வளவு அன்போடு வந்தாலும். சீக்குக்குக் காத்திருக்க இடம் கொடுக்காமல் தினமும் மாற்றுங்கள். அலுக்கும். அலுத்தாலும் மாற்றுங்கள்.

மழை அப்போதும் வரவில்லை. சில வாரம் கழித்துக் கீழ் லயத்துக்குப் போனபோது முத்தாயி குடத்தோடு குட்டையில் நின்றாள். சிரட்டையால் தண்ணீர் மொண்டு, வெயிலுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை மொண்டு பார்த்தாள்.

"ஒன்னும் நெளியலீங்க" என்றாள். குடத்தை நிரப்பத் தொடங்கினாள்.