மதியம் மட்டும் அமைதியான வகுப்பு

போன கார்த்திகையில் நடந்தது இது. செஞ்சியில் நான் ஏழாம் வகுப்பு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில்.

விக்டோரியா ராணி காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார் கட்டிய கட்டடம் அது. ஒரே கூரையின் கீழ் பாதி அவர் வீடு, பாதி பள்ளிக்கூடம். பனி சறுக்கி விழட்டும் என்று தன் ஊர் வழக்கப்படி கூரையை நல்ல சரிவாக இறக்கியிருக்கிறார். செஞ்சியில் ஏது பனி? பாறையே பொரிகிற வெயில். கூர்முனை வளைவு வைத்த ஜன்னல்கள், தடித்த கல் சுவர், குளிர்காய ஒரு கணப்பு கூட உண்டு. அதில் நான் வெங்காயக் கூடை வைத்திருக்கிறேன். ஆமாம், அந்த வீட்டுப் பாதிதான் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். தனி ஆள் நான்.

என் வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுச்சுவரின் உச்சியில், பூப்போலச் செதுக்கிய ஒரு வட்டத் துவாரம். காற்றுக்காக வைத்தாராம். வேலைக்கு வந்த புதிதில் மதியம் சாப்பிடப் போனால், பிள்ளைகள் போடும் கூச்சல் அப்படியே என் சமையலறையில் கேட்கும். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, போய்த் திட்டித் தீர்ப்பேன். "மிஸ்ஸுக்குப் பாம்புக் காதுடி" என்று பேசிக்கொண்டார்கள். சில வாரங்களில், மதியம் என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். மற்ற டீச்சர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அமைதியில் சாப்பிட்டபடியே திண்டிவனத்துத் தங்கையோடு தினமும் போனில் பேசுவேன். என் குரல் அந்தப் பக்கம் போகுமென்று தோன்றவே இல்லை. நான் வகுப்பில் இருக்கும்போது வீடு பூட்டிக் கிடக்கும். அங்கே யார் பேச, நான் கேட்க?

என் வகுப்பில், பக்கத்துச் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். வீட்டில் நிலக்கடலை விவசாயம்; எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். எந்தக் கேள்விக்கும் முதல் கை அவளுடையதுதான். பதில் பெரும்பாலும் தப்பு. தானே சிரித்துவிட்டு உட்காருவாள். ஒருநாள் அவள் அம்மா வந்து, "எப்படியாவது படிக்க வெச்சுடுங்க மிஸ்" என்று கண் கலங்கிவிட்டுப் போனார். அன்று மதியம் தங்கையிடம் சொன்னேன்: "சரியான மரமண்டைடி அது. கைய மட்டும் முதல்ல தூக்கும். நாளைக்கு மல்லாட்டை புடுங்கத்தான் லாயக்கு. அவங்க அம்மா வேற வந்து அழுவுது, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

மறுநாளிலிருந்து அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கையும் தூக்கவில்லை. திமிர் என்று நினைத்து அதற்கும் திட்டினேன்.

அடுத்த வாரம் தங்கை வந்து தங்கினாள். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, யாருடனோ போனில் பேசும் தங்கையின் குரல், காதோரம் பேசுவதுபோல: "அக்காவா? ஸ்கூலுக்குப் போயிட்டுது. வந்தா இன்னிக்கு யார் தலைய உருட்டப் போவுதோ!"

சட்டென்று திரும்பினேன். பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடி, தலையை நிமிர்த்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. பழகிப்போன காரியம்! என் மதிய அமைதியின் லட்சணம் அப்போதுதான் புரிந்தது. கடைசி பெஞ்சில் ஒரு தலை மட்டும் குனிந்திருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மணியடித்ததும் அவளை நிறுத்தினேன். "அன்னிக்கு நான் போன்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"மன்னிச்சுடுங்க மிஸ். நீங்க வீட்ல பேசறத நாங்க ஒட்டுக் கேட்டிருக்கக் கூடாது. நீங்க சிரிச்சத மட்டும் எங்கம்மாகிட்ட நான் சொல்லல."

நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள். கைகூப்பினேன். "அய்யோ, இன்னா மிஸ் இது!" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாள் வகுப்பு முழுக்கக் கேட்க அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் அவள் தலை நிமிரவில்லை.

துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா என்றார் தலைமையாசிரியை. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இப்போது மதியத்தில் என் வகுப்பில் ஒரே இரைச்சல். மதியத்தில் நான் போனைத் தொடுவதில்லை; கேட்பதற்குத்தான் என் வீட்டில் ஒன்றுமில்லையே. சாப்பிட்டபடி அந்த இரைச்சலில் அவள் குரலைத் தேடுவேன். இரண்டொரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. வகுப்பில் மட்டும் இன்னும் கை தூக்கவில்லை. தப்பான பதிலோடாவது அந்தக் கை ஒருநாள் உயராதா என்று, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கடைசி பெஞ்சைப் பார்த்தபடி காத்து நிற்கிறேன்.