பதினாறாவது படி

கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்து கருவாட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தாள் ரோவேனா மக்கலிந்தால். புதிதாக வந்திறங்கும் பெட்டி எதுவானாலும் அவளுடைய முதல் சாப்பாடு அங்கேதான். கவளத்தை எடுக்கும்போது முழங்கை சுவரில் இடித்தால் உடனே தொழிற்சாலைக்கு ஃபோன் போகும். அரை அங்குலம் குறைகிறது என்பாள். அளவு சரிதான் என்று மேலாளர் சாதித்தால், நீங்களே வந்து இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று அழைப்பாள். இதுவரை அவர் வந்ததில்லை.

பெட்டி என்றால் வீடு. தரை, சுவர், கூரை, குழாய் எல்லாவற்றோடும் தொழிற்சாலையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். மலபோன் ஊரின் கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருக்கும் இருபத்துநாலு குடும்பங்களுக்காக அப்படி ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. வரைந்தவள் ரோவேனா. வயது ஐம்பத்தொன்று, உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கீழே, வாய் மட்டும் ஆறடி. முகத்துக்கு நேரே அவளை எல்லோரும், ஆர்க்கிடெக்ட் என்பதைச் சுருக்கி, 'ஆர்க்கி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மத்தி டப்பாக்காரி'. இது காதுக்கு எட்டியதும் வரைபடக் கோப்பின் மேலட்டையில் ஒரு மத்தி டப்பாவை வரைந்து, அடியில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டாள்.

வரைவதற்கு முன்னால் ஒவ்வொரு குடிசையாகப் புகுந்து பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். "எத்தனை வாளி?" என்றுதான் கேட்டாள். வாளிக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் ஒவ்வொரு குளியலறையிலும் மூன்று வாளிகளுக்கு ஒரு மேடை இருக்கிறது. சுவர் சத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க, ஒரு பெட்டிக்குள் நின்று கரோக்கேயில் தானே பாடுவாள். பக்கத்துப் பெட்டியில் நிற்கும் கொத்தனார் என்ன பாட்டு என்று சொல்லிவிட்டால் சுவர் தோற்றது. அவள் குரலில் எந்தப் பாட்டையும் கண்டுபிடிக்க முடியாது, இதில் சுவருக்குப் பெருமை இல்லை என்று கொத்தனார் சத்தியம் செய்கிறார்.

மாடிப்படிக்கு அவள் பதினாறு என்று எழுதிக் கொடுத்தாள். பதினைந்து போதுமே என்றது தொழிற்சாலை. பதினாறுதான் முழங்காலுக்கு நல்லது என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னாள். ஓரோ, பிளாட்டா, மாத்தா என்று படியை எண்ணிக்கொண்டே ஏறுவது அங்கே நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும்: பொன், வெள்ளி, சாவு, மறுபடியும் பொன். கடைசிப் படி சாவில் முடியும் வீட்டில் யாரும் குடியேற மாட்டார்கள். இந்த மூடநம்பிக்கையெல்லாம் தனக்குக் கிடையாது என்று ரோவேனா கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கட்டடம் வெள்ளத்துக்குப் பயந்து தூண்களின்மேல் நிற்பது. எந்த வீட்டுக்குப் போவதானாலும் முற்றத்திலிருந்து அந்தப் படிக்கட்டில்தான் ஏறியாக வேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவி பாசிங் அக்கா, சந்தையில் இறால் விழுது விற்பவள். வீடு உயர்ந்தால் போதாது, முற்றமும் உயரவேண்டும் என்று யார் யாரையோ நச்சரித்து எட்டு லாரி மண் கொட்ட வைத்தாள். மண்ணை மட்டம் தட்டி மேலே சிமெண்டும் பூசினார்கள். மலபோனில் முற்றத்தை உயர்த்தாத மனிதர் கிடையாது. இதை மறந்ததுதான் ரோவேனாவின் தப்பு.

புதன்கிழமை வீடு பார்க்க ஆறு பெண்களோடு வந்த பாசிங் அக்கா, எண்ணிக்கொண்டே ஏறினாள். கடைசிப் படிக்குத் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. இறங்கி மறுபடி எண்ணினாள். பதினைந்துதான். மாத்தா.

"வீடு நல்லாத்தான் இருக்கு ஆர்க்கி. வாளி வைக்கக்கூட எடம் விட்டிருக்கே. ஆனா சாகுறதுக்கு எதுக்கு மாடி ஏறணும்? அதுக்குக் கால்வாய்க்கரையே போதுமே."

நீங்கள் கொட்டிய மண்ணுக்குள்ளேதான் ஒரு படி கிடக்கிறது என்று ரோவேனா சொல்லிப் பார்த்தாள்.

"பொதைச்சதை யாராச்சும் கணக்குல சேப்பாங்களா?" என்றாள் பாசிங் அக்கா.

வெள்ளிக்கிழமைக்குள் குடும்பங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் வீடுகள் அடுத்த பட்டியலில் இருப்பவர்களுக்குப் போய்விடும். இரண்டு வாரத்தில் புயல் மாதம் தொடங்குகிறது. போன வருடம் கால்வாய் மார்பளவு ஏறியபோது பாசிங் அக்கா விழுது ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி கூரைமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்ததும் ரோவேனா தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டாள். மேலாளரோ, மக்களுக்கு அறிவியல்பூர்வமாக விளக்குங்கள் என்றார். ஃபோனை வைத்துவிட்டாள்.

முற்றத்தைத் தோண்டினால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஆகவே வியாழக்கிழமை, மிஞ்சியிருந்த முதல் படிக்கு முன்னால் அதில் பாதி உயரத்துக்கு அகலமாக ஒரு படி வார்த்தாள். கொத்தனாரை ஓரமாக நிறுத்திவிட்டு, கரண்டி பிடித்துத் தானே பூசினாள். மட்டக்கோலை நாலு தடவை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வந்த பூனையைத் திட்டியே விரட்டினாள்.

ஈரம் காய்வதற்குள் பாசிங் அக்காவும் ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இது படியில்ல ஆர்க்கி, திட்டு. இதுல யாரு கால் வைப்பா? தாண்டிப் போயிருவாங்க."

"ஒருத்தர் வெச்சா?"

அக்கா யோசித்தாள். "வெச்சா படிதான்."

ரோவேனா தன் பூச்சை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வலது பூட்ஸைக் கழற்றி, ஓட்டைக் காலுறையையும் உருவிப் போட்டுவிட்டு, ஐந்து விரலும் பதிய வெறுங்காலை ஈரச் சிமெண்டின் நடுவில் அழுத்தி வைத்தாள்.

"ஓரோ," என்றாள்.

பாசிங் அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டி அடுத்த படியில் ஏறினாள். "பிளாட்டா." பின்னாலேயே ஆறு பேரும் அதே தோளைப் பிடித்து ஏறினார்கள். சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது. காலை எடுத்துவிடுங்கள் என்று கொத்தனார் கெஞ்சினார். மேலே கடைசிப் படியிலிருந்து ஏழு குரலில் 'ஓரோ' கேட்கிற வரைக்கும் ரோவேனா காலை எடுக்கவில்லை.