சாம்பல் நிறப் பெயின்ட்

எங்கள் தீவில், பத்துபஸ்தியில், என் பக்கத்து வீட்டுக்காரர் காலையிலிருந்து தன் பழைய ஸ்கூட்டருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் குமட்டுகிறது. எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதே மாமியார் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டவன் நான். 'ராஜா வீட்டு மூக்கு' என்று மனைவி கேலி செய்கிறாள். இதே மூக்குதான், பெட்ரோலும் கியர் ஆயிலும் ஊறிய கையால் நான் புரோட்டாவைப் பிய்த்துத் தின்ற காலத்தில் ஒன்றுமே சொல்லாமல் இருந்தது.

அப்போது நான் மின்னி பே கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் படகு மோட்டார் மெக்கானிக். சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து தோண்டியெடுத்த மோட்டார்கள் வந்துகொண்டே இருந்தன. மூடியைக் கழற்றினால் உள்ளே அழுகிய மீன். அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடலில் முங்கிய மோட்டாரைக் காற்றுப்படப் போட்டுவிட்டால் துரு தின்றுவிடும். பிரித்துக் கழுவும்வரை நல்ல தண்ணீரில் முக்கியே வைக்க வேண்டும். எங்களுக்கோ கப்பலில் மெயின்லேண்டிலிருந்து உதிரி சாமான் வந்தால்தான் பிரித்துப் பூட்ட முடியும். எல்லோரையும் காத்திருக்கச் சொன்னோம்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ராசம்மா அக்கா நிவாரண முகாமில் இருந்தார். வீடு போயிருந்தது; படகு மட்டும் ஒரு தென்னைமரத்தில் சிக்கித் தப்பியிருந்தது. முங்கிப்போன அதன் மோட்டார் ஓடினால் புருஷன் மறுபடி கடலுக்குப் போகலாம், முகாம் சோற்றுக்குத் தட்டேந்த வேண்டாம். அதனால் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை ஒரு டிரம்மில் ஊற்றி மோட்டாரை முக்கி வைத்திருந்தார். மனுஷனுக்கே பானி இல்லை, மெஷினுக்கா என்று முகாமே திட்டியது. அக்கா காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு கான்ட்ராக்டர் வந்தான். பெயர் வேண்டாம், சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டும். முங்கிய மோட்டார்களையெல்லாம் சர்க்கார் நிவாரணப் பணத்தில் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லி அள்ளிக்கொண்டு போனான். அக்காவின் டிரம்மிலிருந்ததும் போயிற்று. சில வாரம் கழித்து அவன் யார்டுக்குப் போனேன். எல்லாம் வெயிலில் கிடந்தன. ஒரு ஆள் துருவின்மேலேயே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். இது ஓடாதே என்றேன். கான்ட்ராக்டர் பான் மென்றபடி என்னைப் பார்த்தான்.

"ஓடணும்னு யாரு கேட்டா பையா? போட்டோல புதுசா தெரிஞ்சா போதும்."

மோட்டார்களைத் திருப்பிக் கொடுக்க விழா நடந்தது. அவற்றுக்கு மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். அக்காவின் புருஷன் கரையில் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், இழுத்தார், தோள் விட்டுப்போகும்வரை இழுத்தார். மோட்டாரை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே ஒரு நட்டைக்கூட எவனும் தொட்டிருக்கவில்லை. வெளிப் பெயின்ட் மட்டும் இன்னும் ஈரமாக என் விரலில் ஒட்டியது. அருவருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன்.

அக்கா அழவில்லை. "கடல்ல கெடந்தப்பகூட அதுக்கு உசுரு இருந்துச்சு தம்பி. கரையிலதான் கொன்னுட்டானுவ."

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, முகாம் இல்லை. கான்ட்ராக்டர் மட்டும் நன்றாக இருக்கிறான், போன மாதம்கூடக் கல்யாண வீட்டில் பார்த்தேன், எழுந்து வந்துவிட்டேன். அக்கா குடும்பம் கப்பலேறி ஊருக்கே போய்விட்டது. போவதற்கு முன்பு படகை விற்கப் பார்த்தார்கள், மோட்டார் இல்லாத படகை யாரும் கேட்கவில்லை. முகாம் அடுப்புக்கு அதை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுனாமி உடைக்காத படகு.