தங்க நிற டிஸ்க்கும் கோட்டுகால் இறக்கமும்

என் தம்பி தீபுவுக்குக் கல்யாணம் தள்ளிப்போவதற்கு ஜாதகம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஜாதகம் பாவம், அதை விட்டுவிடுங்கள். காரணம் அவனுடைய மோட்டார் சைக்கிள். முப்பத்து நான்கு வயது. பாறசாலையில் பேருந்துகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. குடி கிடையாது, புகை கிடையாது, ஒருவரிடமும் வம்புக்குப் போகமாட்டான். அழகுப் பைத்தியம் மட்டும் உச்சந்தலை வரை உண்டு. எங்கள் பக்கத்துப் பேருந்து ஏதாவது நெற்றியில் தங்க எழுத்து மின்ன வந்தால், அது அவன் கைவேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்தக் கனத்த பழைய வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவன் அதில் ஒன்றும் பூட்டவில்லை, கழற்றத்தான் செய்தான். சேலை மாட்டாமல் இருக்க வைத்திருந்த கம்பியைக் கழற்றினான். கண்ணாடிகளைக் கழற்றினான். பின் மட்கார்டைப் பாதியில் வெட்டினான். மழை பெய்தால் இடுப்பிலிருந்து பிடரி வரை முதுகில் சேற்றுக்கோடு விழும். அதையும் ஸ்டைல் என்பான். ஒருநாள் பார்க்கிறேன், முன்சக்கரத்து பிரேக்கையே காணோம்.

“எலே, முன்னால உள்ள பிரேக் எங்கல?”

“கழட்டியாச்சு அக்கா. லிவரும் ஒயரும் தொங்கிட்டு, வண்டிக்க மூஞ்சியே கெட்டுப்போச்சு. இப்ப பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு.”

“வண்டி நிக்காண்டாமா?”

“பின்னால ஒண்ணு உண்டு இல்லியா. ரெண்டு எதுக்கு?”

“ஒனக்கு மூக்குல ஓட்டை மட்டும் ரெண்டு எதுக்குல? ஒண்ண அடச்சு வை.”

அவன் மூக்கைத் தடவிச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அவன் வெளியே போனால், அந்த வண்டிச் சத்தம் திரும்பக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. நான் போடுகிற கூச்சலுக்கெல்லாம் அடியில் கிடப்பது பயம்தான். அதை அவனிடம் சொன்னால் இன்னும் தலைமேல் ஏறிக்கொள்வான் என்று சொல்வதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோட்டுகாலிலிருந்து ஸ்வப்னாவின் சம்பந்தம் வந்தது. காஞ்சிரங்குளம் பக்கத்தில் ஒரு டிரைவிங் பள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. எதிரே நிற்பவன் பொய் சொன்னால் உடனே கண்டுபிடிக்கிற முகம். இவனுக்கு இப்படி ஒருத்திதான் வேண்டும், இதை விட்டால் இனி ஒன்று வராது என்று என் மனது அடித்துச் சொன்னது.

அவளுடைய அப்பா சோமனுக்கு ஒரு பழைய காயம் உண்டு. முன்பு அவளைப் பெண் பார்க்க வந்த ஒருத்தன், காரில் வாசல் வரை வந்து, வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறுத்தாமலே போய்விட்டானாம். வாசலில் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்பதை வாயால் சொல்லக்கூட அவனுக்கு மனது வரவில்லை. “அதுக்குப் பெறவு ஒருத்தனையும் வீட்டுக்கு வரச் சொன்னதில்ல,” என்று சோமன் போனிலேயே சொன்னார். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். எனக்க தம்பி அப்படிப்பட்டவன் இல்ல, வாசல்ல வந்து இறங்குவான் என்று வாக்குக் கொடுத்தேன். என் நாக்கை அன்றே சுருட்டி வைத்திருக்கலாம்.

பெண் பார்க்கிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் இவன் என்ன செய்தான் தெரியுமா? மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பின் பிரேக்கின் டிஸ்க்கில் பேருந்துக்கு அடிக்கிற தங்க நிறத்தை அடித்தான். பிரேக் பிடிக்கும்போது இரண்டு கட்டைகள் வந்து கவ்வுகிற இரும்புத் தட்டு அது. அதில் போய்ப் பொன் பூசினால் நிற்குமா? காலையில் பாறசாலையை விட்டு நெய்யாற்றின்கரை வருவதற்குள் நிறம் உரிந்து, தட்டு முழுக்கக் கோடு கோடாக வந்துவிட்டது.

நானும் என் வீட்டுக்காரர் விஜயதாசும் ஆட்டோவில் போனோம், அவன் வண்டியில் வந்தான். கோட்டுகால் நெருங்கியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தலையில் தேய்த்துச் சீவினான். பிறகு குனிந்து டிஸ்க்கைப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

“அசிங்கமா இருக்கு அக்கா.”

“அத யாருல பாக்கப்போறா? ஒன்னத்தான் பாப்பா.”

“நீங்க முன்னால போங்க. நான் துடச்சிட்டு வாறேன்.”

துடைக்கட்டும் என்று போனோம். எதை வைத்துத் துடைத்தான் என்பது பிறகல்லவா தெரிந்தது.

சோமனின் வீடு ஓர் இறக்கத்தின் அடியில் இருக்கிறது. ஒருபக்கம் சாலை இறங்கி வரும், வீட்டு வாசலைத் தாண்டியதும் மறுபக்கம் ஏறிப்போகும். நாங்கள் கேட்டில் நின்றோம். சோமன் புது வேட்டியில் நின்றார். ஜன்னலுக்குள் ஸ்வப்னா டீத்தட்டுடன் தயார். மேலே வண்டிச் சத்தம் கேட்டது. எண்ணெய்த் தலை மின்ன, வெள்ளைச் சட்டை படபடக்க வந்தான் என் தம்பி. ராஜா மாதிரி வந்தான். வந்து, எங்களைப் பார்த்து, அப்படியே போய்விட்டான்.

சோமனின் முகம் கறுத்தது. “இவனும் போயாச்சா?”

“இல்ல, இப்ப வருவான்,” என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

ஏற்றத்தில் வேகம் செத்து, திரும்பி, மறுபடி இறங்கி வந்தான். இந்தத் தடவை சிரிக்க முயற்சி செய்தான். அந்தச் சிரிப்போடு வாசலைத் தாண்டி, வந்த ஏற்றத்தில் ஏறிவிட்டான். மேலே வண்டி தானாக நின்றதே, அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு நடந்து வரலாம் அல்லவா? வரமாட்டான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு நடந்து வந்தால் அழகாக இருக்காதாம்.

“பாத்தேளா, வீட்ட ரெண்டு தடவ சுத்திப் பாத்துட்டுப் போறான்,” என்று சோமன் கேட்டைச் சாத்தப் போனார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரரோ, இவர் ஒரு மனுஷன், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

மூன்றாவது தடவை வரும்போது தீபு தொண்டை கிழியக் கத்தினான். “வேண்டாம்னு இல்ல மாமா, வண்டி நிக்கல்ல!”

டீத்தட்டு எங்கேயோ வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்வப்னா ஓடி வந்தாள். அப்பாவை ஒரு பக்கம் தள்ளி, கேட்டை அகலத் திறந்தாள். பிறகு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற குரலில், “கியரக் கொறைங்க. இன்னும் கொறைங்க. வலது பக்கம் வாங்க. மட்டைக்குவியலுக்கு நேரா வாங்க,” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் சொன்னபடி செய்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைச் செய்தான். முற்றத்து ஓரத்தில் குவித்திருந்த தேங்காய் மட்டைகளுக்குள் வண்டியும் ஆளும் புகுந்து நின்றார்கள்.

மட்டைக்குள்ளிருந்து அவன் எழுந்து முதலில் தலைமுடியைத்தான் சரிசெய்தான். ஸ்வப்னா பின்சக்கரத்தருகே குத்தவைத்து, டிஸ்க்கை விரலால் தொட்டு, மோந்து பார்த்தாள்.

“இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா?”

“மினுங்கட்டும்னு தேய்ச்சேன்.”

“முன்னால உள்ள பிரேக் எங்க?”

“மூஞ்சிக்கு எடுப்பா இல்லன்னு கழட்டிப்போட்டேன்.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சோமன் சிரிக்கவில்லை. “இவனுக்கு ஒன்னக் குடுத்தா ஒரு மாசத்துல ஆசுபத்திரிதான். வேண்டாம்,” என்றார். அவர் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. நான் பையை எடுத்தேன்.

“நில்லுங்க அக்கா,” என்றாள் ஸ்வப்னா. அவனிடம் திரும்பினாள். “ரெண்டு பிரேக்கும் பழையபடி போட்டுட்டு, சனிக்கிழம எங்க கிரவுண்டுக்கு வாங்க. நான் கோடு போட்டு நிப்பேன். கோட்டுல வண்டிய நிறுத்திக் காட்டணும். நிறுத்தினா பெறவு பேசுவோம்.”

அந்த வாரமே பிரேக் வேலை தொடங்கியது. மெக்கானிக் ஷிபு பழைய பிரேக்கைப் பூட்டுகிறபோது இவன் பக்கத்தில் நின்று, லிவருக்கு மட்டும் கொஞ்சம் தங்கம் அடிக்கட்டுமா என்று கேட்டானாம். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக் குளத்தில் போடுவேன் என்று போனிலேயே கத்தினேன்.

சனிக்கிழமை கிரவுண்டுக்குப் போனோம். ஹெல்மெட் மாட்டிய பெண்கள் வரிசையாக வேடிக்கை பார்க்க நின்றார்கள். சோமன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றார். ஸ்வப்னா சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கை எட்டுகிற தூரத்தில் தானே போய் நின்றாள். வண்டி நிற்காவிட்டால் நேரே அவள்மேல்தான் ஏறும்.

தீபு கிளம்பினான். நன்றாகத்தான் வந்தான். பாதி கிரவுண்டு தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. இறங்கினான். ஹேண்டிலைப் பிடித்து, அந்தக் கனத்த வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். மூச்சு வாங்குகிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது, சீவின முடி கலைந்து நெற்றியில் விழுகிறது. பெண்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். கண்ணாடி பார்க்காமல் கடைக்குக்கூடப் போகாத என் தம்பி, அத்தனை பேர் முன்னாலும் தள்ளிக்கொண்டே வந்து கோட்டில் நின்றான்.

“என்ன இது? பிரேக் பிடிக்கல்லியா?” என்றாள் ஸ்வப்னா.

“நல்லா பிடிக்குது. ரெண்டும் பிடிக்குது.”

“பின்ன எதுக்கு அங்கயே எறங்கினீங்க?”

“இங்க நீங்க நிக்கீங்க இல்லியா.”

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிவிட்டார்கள். ஸ்வப்னா குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

“ஓட்டி வந்து நிறுத்தினாத்தான் பாஸ். நீங்க தோத்துட்டீங்க,” என்றாள். பிறகு சோமன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நாள் பாத்துக்கிடுங்க.”